அறுபது எலக்ட்ரான் வோல்ட் அதிகம்

வாளையாறு தாண்டியதும்
ரயில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.
யானை கடக்கும் இடம்.
அந்தத் தயக்கம்
எங்கள் தரைக்கு முதலில் தெரியும்,
பிறகு வெற்றிடப் பம்புக்கு,
பிறகு மீரான் ராவுத்தருக்கு.
“பார்சல் வண்டி” என்பார், கடிகாரம் பாராமல்.

கஞ்சிக்கோட்டில்
இரும்பு உருக்கும் ஆலைக்குப் பின்னால் இருக்கிறது
எங்கள் முடுக்கி.
இத்தனை நீள மலைத்தொடரில்
இங்கே மட்டும் மலை இல்லை.
இல்லாத மலை வழியாகத்தான்
காற்று வருகிறது, லாரி வருகிறது,
கோழிஞ்சாம்பாறையிலிருந்து
லிஸ்ஸியின் ஸ்கூட்டரும் வருகிறது
பக்கவாட்டில் சாய்ந்தபடி.

இரவுப் பணி.
சிலிக்கான் அயனிகளைத் தங்கத்தின் மேல் எறிகிறோம்.
தங்கம் என்றால் நகை அல்ல.
கார்பன் படலத்தில் ஒட்டிய
ஒரு மஞ்சள் சந்தேகம்;
சட்டத்தில் பொருத்தும்வரை
லிஸ்ஸி மூச்சு விடுவதில்லை.

வந்து மோதுவது
வாசலில் நிற்பவர்களோடு நிற்காது.
கருவுக்கு வெகு அருகே
எந்த வேதிவினையும் தொட்டிராத அறையில்
இருந்ததை உதறி எடுத்துப் போய்விடும்.
அந்த இடம் வெகுநேரம் காலியாக இருக்காது.
மேலிருந்து ஒன்று விழும்.
விழுந்த உயரம்
சில சமயம் எக்ஸ் கதிராகும்.
சில சமயம் என்றால்,
தங்கத்தின் இரண்டாம் கூட்டில்
மூன்றுக்கு ஒன்று.
மற்ற இரண்டில்
உள்ளே வந்தவனின் பங்குக்கு
இன்னொருவன் வெளியேற்றப்படுவான்,
வெளிச்சமே இல்லாமல்.
லேசான அணுக்களில்
அந்த ஒன்றும் அபூர்வம்.

திரையில் தங்கத்தின் கோடு எழுந்தது.
புத்தகத்தில் ஒன்பதாயிரத்து எழுநூற்றுப் பதின்மூன்று.
எங்களிடம் அறுபது கூட.

முதலில் மின்னழுத்தத்தைத் திட்டினோம்.
ஆலை உலையை மூட்டும்போதெல்லாம்
விளக்கு ஒருமுறை கண் சிமிட்டும்.
பிறகு ரயிலை.
பிறகு டிடெக்டர் சூடேறிவிட்டதென்று
ராவுத்தர் திரவ நைட்ரஜன் ஊற்றினார்;
வெள்ளைப் புகை அவர் செருப்பை மூடி
கதவிடுக்கில் போய்க் கலைந்தது.
அமெரிசியம் வைத்துப் பார்த்தோம்.
அதன் கோடுகள் எல்லாம்
பள்ளிப் பிள்ளைகள்போல் அவரவர் இடத்தில்.
லிஸ்ஸி என்னைச் சந்தேகித்தாள்.
நானும்.

இரண்டரை மணிக்குப் புரோட்டானை அனுப்பினோம்.
சின்னவன்.
போனான், ஒன்றை மட்டும் எடுத்தான், வெளியே வந்தான்.
ஒன்பதாயிரத்து எழுநூற்றுப் பதின்மூன்று.
மறுபடி சிலிக்கான்.
மறுபடி அறுபது.

அதுவரை விழுவதை மட்டுமே பார்த்திருந்தேன்.
விழும் வழியில் யார் யார் இல்லை என்று
கேட்கவில்லை.
கனத்தது மோதினால்
உள்ளிருந்த ஒன்றோடு
நடுக்கூட்டிலும் பலர் போய்விடுகிறார்கள்.
கருவை மறைத்து நின்றவர்கள்.
மறைப்பு குறைந்தால்
அதன் இழுப்பு இன்னும் கொஞ்சம் வெறுமையாகப் பிடிக்கிறது,
மிஞ்சியவன்
இன்னும் கொஞ்சம் ஆழத்தில் விழுகிறான்.
அந்தக் கொஞ்சம்தான் அறுபது.

இதை ராவுத்தருக்குச் சொன்னேன்,
டீ கிளாசுகளை அணுவாக வைத்து, மோசமாக.
அவர் ஒரு கிளாசைத் தன்பக்கம் நகர்த்திக்கொண்டார்.
மாசியில் தண்டவாளத்தில் அடிபட்ட பிடியை
இழுக்கக் கூப்பிட்டவர்களில் அவரும் ஒருவர்.
குட்டி மூன்று நாள்
சரளைக் கல்லை முகர்ந்தபடி நின்றதாம்.
கூட்டம் அந்தப் பக்கமே வராமல்
இரண்டாகப் பிரிந்து மலையேறியதாம்.
“பேப்பர்ல ஒண்ணுன்னுதான் போட்டான்”
என்றார், டீயைக் குடித்துவிட்டு.

லிஸ்ஸிக்குக் கேட்டிருக்காது.
அவள் அளவுத்திருத்தப் பக்கத்தைத் திறந்து
கோட்டைப் புத்தகத்து எண்ணுக்கு
இழுத்துவிடும் அவசரத்தில் இருந்தாள்.
ஒரே ஒரு எண் மாற்றினால் போதும்,
அறிக்கை அழகாகிவிடும்.
மவுசின் மேல் இருந்த அவள் கையைப் பிடித்தேன்.

பதிவேட்டில் எழுதியது:
மணி மூன்று நாற்பது.
காற்று பலம். மின்சாரம் பரவாயில்லை.
கோடு இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.
கீழே கையெழுத்துப் போடும்போது
மேஜை லேசாக அதிர்ந்தது.
மூன்று பேரும்
பேசாமல் நின்று கேட்டோம்,
வண்டி வேகம் குறைக்கிறதா என்று.